பிப்ரவரியில் சோழவரம், மே மாதத்தில் ஊட்டி

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. பிப்ரவரியில் என் மனைவி என்னோடு சோழவரம் வந்து கார் ரேஸ் பார்க்க வேண்டும். மே மாதத்தில் நான் அவளோடு ஊட்டி போய்க் குதிரை ரேஸ் பார்க்க வேண்டும். 1980-களின் தொடக்கம் அது. சோழவரத்துக்குப் போவதைக் கடையிலும் அக்கம்பக்கத்திலும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஊட்டிக்கு எதற்குப் போகிறோம் என்பதைத்தான் வாய்விட்டுச் சொல்ல முடியாது. 'ரேஸுக்குப் போகிறவன்' என்றால் பெண்டாட்டி தாலியை அடகு வைத்தவன் என்று அர்த்தம். 'ரேஸுக்குப் போகிறவள்' என்று ஒருத்தி இருக்கக்கூடும் என்று ஊர் அப்போது நினைத்தே பார்த்ததில்லை.

எனக்குக் கார் பைத்தியம் பிடித்ததில் அதிசயமில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிஸ்டன் ரிங், கேஸ்கட், கிளட்ச் பிளேட் என்று நாள் முழுக்க உதிரி உதிரியாகப் பார்க்கிறவனுக்கு, இதெல்லாம் ஒன்றுசேர்ந்து தலைதெறிக்க ஓடினால் எப்படியிருக்கும் என்று பார்க்கத் தோன்றாதா?

மனைவியின் கதை வேறு. என் மாமனார் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. ரேஸ் நாட்களில் கிண்டியில் டோட் கவுன்டருக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பார், அதற்குத் தினக்கூலி. தன் கையிலிருந்து ஒரு ரூபாயைக்கூடக் குதிரை மேல் கட்டியவரில்லை. "கம்பிக்கு உள்ளே உக்காந்திருக்கறவன் என்னிக்கும் தோக்கமாட்டான்" என்பார். டோட்டின் சூட்சுமமே அதுதான். கட்டுகிற பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேரும். கிளப்பின் பங்கையும் சர்க்கார் வரியையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்தக் குதிரை வந்தாலும் அந்த இரண்டு பேருக்கும் கவலையில்லை. மாமனார் வீட்டுக்கு எடுத்து வரும் பழைய ரேஸ் புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களில்தான் இவள் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டிருக்கிறாள். போட்ட கணக்கைவிட அச்சடித்திருந்ததை அதிகம் படித்திருக்கிறாள். எந்தக் குதிரை, எத்தனை கிலோ சுமை, எந்த ஜாக்கி, போன தடவை எத்தனை லெங்த்தில் தோற்றது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். பெண் பார்க்க வந்த அன்று, பாடத் தெரியுமா என்று என் அம்மா கேட்டாள். ஹேண்டிகேப் பார்க்கத் தெரியும் என்று இவள் சொல்லவில்லை.

சோழவரத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். செங்குன்றம் தாண்டி, ஜி.என்.டி. சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. சிமென்ட் தரை மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே பந்தயத் தடமாக்கிக்கொண்டது. அங்கங்கே வைக்கோல் கட்டுகளையும் பழைய டயர்களையும் அடுக்கி, 'இதுதான் வளைவு' என்று சொல்லிவிட்டால் அது வளைவு. ஓடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் ஒரு கயிறும், போலீஸ்காரரின் லத்தியும், கடவுள் நம்பிக்கையும் இருந்தன.

முதல் தடவை இவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். மடியில் எலுமிச்சம்பழச் சாதத்தோடு டிபன் கேரியர். முதலில் ஜாவா, எஸ்டி, புல்லட் என்று மோட்டார் சைக்கிள்கள் ஓடின. அப்புறம் தெருவில் நாம் பார்க்கிற அதே ஃபியட்டும் ஹெரால்டும் பின்சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவில் நம்பர் எழுதிக்கொண்டு வந்தன. சில வருஷம் கழித்து பெங்களூர் சிபானி கம்பெனியின் டால்ஃபின் வந்து சேர்ந்தது. ஃபைபர் உடம்பு, கனம் கம்மி. மாப்பிள்ளை அழைப்புக்கு ஆகாது, சோழவரத்துக்கு ஆகும். கோயம்புத்தூர் கரிவரதன் தன் பட்டறையிலேயே ரேஸ் கார் கட்டிக்கொண்டு வந்து ஓட்டினார். விஜய் மல்லையா என்ற இளைஞர் நிஜமான ஃபார்முலா ஒன் காரையே, என்சைன் என்ற கம்பெனி கட்டியதை, வெளிநாட்டிலிருந்து தருவித்து ஓட்டினார். எத்தனை வேகமாகப் போனாலும் அந்தக் காலத்தில் அவர் ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அந்தக் கார் கடந்து போனபோது வந்த சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. டிபன் கேரியர் மூடி அதிர்ந்ததைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இவளோ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, இவங்க சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தானே வராங்க? இதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள்.

உன் குதிரை மட்டும் என்ன, நேராக விஜயவாடாவுக்கா போகிறது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

ஆனால் மத்தியானம் ஒரு காரியம் செய்தாள். அப்போதெல்லாம் வண்டிகள் நிற்கிற இடத்துக்கே யாரும் போகலாம். மெக்கானிக் படுத்திருப்பான், நாம் அவன் காலைத் தாண்டிப் போகலாம். வரிசையாக நின்ற கார்களை இவள் நின்று நிதானித்துப் பார்த்துக்கொண்டே போனாள். பளபளவென்று மெழுகு போட்ட சிவப்புக் கார் ஒன்றின் முன்னால் குனிந்தாள். அடியில் தரையில் நாலணா அகலத்துக்குக் கறுப்பாக ஈரம். ஒரு நிமிஷம் அங்கேயே நின்று, இன்னொரு சொட்டு விழுவதைப் பார்த்தாள். "இது வராது. இப்பவே வேர்க்குது" என்றாள். கடைசி வரிசையில் நின்ற அழுக்கு வெள்ளைக் காரைக் காட்டி, "இதுக்குக் கட்டலாம்" என்றாள்.

"இங்கே கட்டறதுக்கெல்லாம் இடமில்லை" என்றேன்.

"பின்னே எதுக்கு ஓட்றாங்க?"

சிவப்புக் கார் பாதி தூரத்தில் புகைந்து ஓரமாக ஒதுங்கியது. வெள்ளைக் கார் இரண்டாவதாக வந்தது. ஆறு வருஷம் உதிரிபாகங்களோடு குப்பை கொட்டிய நான் அன்று சிவப்புக் காரைத்தான் ஜெயிக்கும் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் உறுதி கொடுத்திருந்தேன். திரும்பும்போது மூலக்கடை வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் புழுதி போகும் என்பது ஒரு காரணம்.

மே மாதப் பயணம் இவ்வளவு சுலபமில்லை. முதலில் வீட்டில் சொல்வதற்கு ஒரு பொய் வேண்டும். அதை ஆங்கிலேயர்களே ஏற்பாடு செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊட்டி அரசினர் தாவரவியல் பூங்காவில் மே மாதம் மலர்க்காட்சி நடக்கும். அதே மே மாதத்தில்தான் நீலகிரி டெர்பியும் ஓடும். 'ஃப்ளவர் ஷோ பார்க்கப் போகிறோம்' என்று சொன்னால் அம்மாவே கட்டுச்சாதம் கட்டிக் கொடுப்பாள்.

கடை முதலாளியின் பழைய கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவோம். வேலூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஒவ்வொரு ஊரின் நடுவிலும் புகுந்து புறப்பட வேண்டும். எந்த ஊரில் சந்தை, எந்த ஊரில் தேர் என்பது அந்த ஊருக்குள் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். மைல் கல், டீக்கடை, லாரி டிரைவர்கள், வழிகாட்ட இவ்வளவுதான். வழி கேட்பது இவள் இலாகா. நான் கேட்டால் கௌரவக் குறைச்சல். தொப்பூர் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து, இவள் ரேஸ் புத்தகத்தையும் நான் ரேடியேட்டரையும் பார்த்துக்கொண்டிருப்போம். இரவு மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ். குன்னூர் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் ஏறுகிற தைரியம் அந்தக் காருக்கு இல்லை. எனக்கு இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

ஊட்டி ரேஸ் மைதானம் இருந்த இடம் ஒரு வேடிக்கை. டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டிய கட்டாயமே இல்லை. ஊருக்கு நட்டநடுவில், பஸ் ஸ்டாண்டை ஒட்டினாற்போல் பரந்து கிடந்தது. குன்னூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கையில் பையோடு வேலி ஓரம் சாய்ந்து நின்று ஒரு ரேஸ் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். உள்ளே கோட்டு போட்டவர்கள், தொப்பி போட்டவர்கள். சரிகைப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஒரே குமாஸ்தா வீட்டுப் பெண் என் மனைவியாகத்தான் இருந்திருப்பாள்.

ரேஸுக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கேதான் நான் இவளைப் புதிதாகப் பார்த்தேன். எல்லோரும் ரேஸ் புத்தகத்தைப் பார்க்க, இவள் குதிரையைப் பார்த்தாள். அதுவும் முகத்தை அல்ல, பின்னங்கால்களுக்கு நடுவில். அவ்வளவு குளிரில் அங்கே சோப்பு நுரை போல வெள்ளையாகத் தெரிந்தால், அந்தக் குதிரை ஓடுவதற்கு முன்பே பயத்தில் பாதி ரேஸை ஓடிவிட்டது என்று அர்த்தமாம். காது இரண்டும் முன்னால் நிமிர்ந்திருக்க வேண்டும். தலையை வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. பின்கால், முன்கால் வைத்த தடத்தைத் தாண்டி விழ வேண்டும். ஈரப் புல்லில் குளம்பு பதிகிற சத்தத்தைக்கூட காது கொடுத்துக் கேட்டாள். ஊரே ஃபேவரைட் என்று சொன்ன குதிரையை ஒதுக்கிவிட்டு, பழுப்புப் பெட்டை ஒன்றின் மேல் பத்து ரூபாய் கட்டினாள். வின்னில் அல்ல, பிளேஸில். "எங்கப்பா அப்படித்தான் சொல்லுவார். முதல்லயே வரணும்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது."

பாதி ரேஸில் மேகம் இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒலிபெருக்கிக்காரர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கடைசி வளைவில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிரை வந்தது. அப்புறம் கொத்தாக நாலைந்து. பழுப்புப் பெட்டை மூன்றாவது. கவுன்டரில் வாங்கிய பணத்தை இவள் எண்ணிப் பார்த்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அதில் வர்க்கி ஒரு பொட்டலமும் யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டியும் வாங்கினோம். மலர்க்காட்சி பார்த்ததற்குச் சாட்சி வேண்டுமே.

வீட்டில் அம்மா விடவில்லை. "என்னென்ன பூ வெச்சிருந்தான்?" என்று துருவினாள். மனைவி ஒரு கணமும் தயங்காமல், நான்காவது ரேஸில் ஓடிய குதிரைகளின் இங்கிலீஷ் பெயர்களை வரிசையாக ஒப்பித்தாள். அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அதுல ஒண்ணுக்கு விதை வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றாள்.

நாங்கள் இப்படி ஒளிந்து மறைந்து போனதற்குப் பின்னால் பெரிய சட்டக் கதையே இருந்தது. குடும்பங்களைக் கெடுக்கிறது என்று 1974-ல் மு. கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று. நாங்கள் ஊட்டி போன காலத்தில் வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது, குதிரையும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்குக்குத்தான் தூரம் அதிகம். 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் போட்டது. கடைசியில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொல்லி, 1986 சட்டம் செல்லாது என்றது. மறுநாள் காலைப் பேப்பரை இவள் இரண்டு தடவை படித்தாள். அப்புறம் அதை மடித்து மாமனார் படத்துக்குக் கீழே வைத்தாள். பிற்பாடு ஜி.எஸ்.டி. வந்து, திறமை விளையாட்டை மறுபடி சூதாட்டத்தோடு ஒரே வரிசையில் உட்கார வைத்து 28 சதவீதம் போட்டது. அந்தப் பேப்பரை அவள் தொடவில்லை.

அதற்குள் என் சோழவரமும் போய்விட்டது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் பெயரில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியன் ஆனான். எல்லாம் பெருமையான விஷயங்கள். மெக்கானிக்கின் காலைத் தாண்டிப் போக மட்டும் இப்போது முடியாது. கழுத்தில் அட்டை வேண்டும்.

நடுவில் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் முழங்கால் என்று பல வருஷங்கள் எந்த ரேஸும் இல்லாமல் வேகமாக ஓடின.

2024 ஆகஸ்ட் கடைசியில் மகன் இரண்டு டிக்கெட்டோடு வந்தான். சென்னைத் தெருவிலேயே கார் ரேஸ், அதுவும் ராத்திரியில். தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம். நாற்பது வருஷம் முன்பு நான் ஸ்கூட்டரில் போனால் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்துகிற சாலைகள். முந்தின டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போனது. இப்போதும் மழை வந்தது. நாங்கள் ரெயின்கோட்டுக்குள் உட்கார்ந்து, நனைந்த தார்ச் சாலையை வெகுநேரம் வேடிக்கை பார்த்தோம். ரோட்டுப் பந்தயம் என்றால் இருபுறமும் சிமென்ட் தடுப்பு, அதற்கு மேல் கம்பி வலை. நம் இருக்கைக்கு எதிரே எந்த வளைவோ அதுதான் நமக்கு. மிச்சத்தை ராட்சதத் திரையில் பார்க்க வேண்டும். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கார் வந்தது, போனது. கண்ணிமைத்தால் அதுவும் கிடையாது.

"திரையில பாக்கறதுக்கு வீட்ல டி.வி. இருக்கே" என்றாள் மனைவி, மடியிலிருந்த பாப்கார்னைப் பார்த்துக்கொண்டே. டிபன் கேரியருக்கு வாசலிலேயே தடை.

பிறகு ஒரு நாய் வந்தது. உலகத்தர விதிகள், வெளிநாட்டு அதிகாரிகள், வெளிச்சக் கம்பங்கள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்துவிட, பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டம் அன்றிரவு எழுப்பிய மிகப்பெரிய ஆரவாரம் அதற்குத்தான். என் மனைவி அப்போதுதான் எழுந்து நின்றாள். "காதைப் பாருங்க, எப்படி நிமிந்திருக்கு! இதுக்கு வின்லயே கட்டலாம்" என்றாள்.

அந்தப் பந்தயம் முடிந்தது செப்டம்பர் 1-ந் தேதி. செப்டம்பர் 9-ந் தேதி, குத்தகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி, கிண்டி ரேஸ் மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. 160 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு விட்டபோது பேசிய வாடகை, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு. அந்தப் பதின்மூன்று காசைப் படித்துவிட்டு, நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் தண்ணீர் லாரிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று இவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். தாத்தா கருணாநிதி முதல்வராக இருந்தபோது குதிரையை நிறுத்தச் சட்டம் வந்தது. பேரன் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது அண்ணா சாலையில் கார் ஓடியது. இந்த வரிசையை நான் குறை சொல்வதற்காக எடுத்துக்காட்டவில்லை. கார் ரேஸில் பாக்கி வைத்த குடும்பம் எதுவும் எங்கள் தெருவில் இல்லை. குதிரை ரேஸில் வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் என் பக்கத்துக்கு அரசு மரியாதையும் அவள் பக்கத்துக்குப் பூட்டும் கிடைத்ததை அவள் என் தனிப்பட்ட சதி போலப் பார்த்தாள். "உங்க ரேஸுக்கு ரோட்டையே குடுத்துட்டாங்க. என் ரேஸ்ல குளம் வெட்றாங்க." அதுவும் நிஜம். மழைவெள்ளம் தேங்க அங்கே குளங்கள்தான் வெட்டினார்கள். வேளச்சேரிக்காரர்களுக்கு அது நல்லது. எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

ஆகவே போன மே மாதம் ஊட்டிக்குக் கிளம்பினோம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஊட்டி மைதானத்தையும் 2024 ஜூனிலேயே அரசு எடுத்துக்கொண்டுவிட்டது என்று நான் நினைவூட்டினேன். "தெரியும். ஃப்ளவர் ஷோ பாக்கலாம்" என்றாள். நாற்பது வருஷத்துப் பொய்யை ஒரே வாக்கியத்தில் நிஜமாக்கிவிட்டாள்.

மகனின் காரில் கியரே கிடையாது. சுங்கச்சாவடியில் நிற்க வேண்டியதில்லை, கண்ணாடியில் ஒட்டிய ஒரு துண்டு ஸ்டிக்கர் காசு கொடுத்துக்கொள்கிறது. எந்த ஊருக்குள்ளும் போகவில்லை. உளுந்தூர்பேட்டை, சேலம் எல்லாம் பச்சைப் பலகையில் வந்து பச்சைப் பலகையிலேயே போய்விட்டன. தொப்பூர் வழியே இல்லை. வழி சொல்ல ஒரு பெண் குரல் இருந்தது. அந்தக் குரலுக்கும் என் மனைவிக்கும் திருச்செங்கோடு பிரிவு அருகே மனஸ்தாபம் வந்தது. "இவளுக்கு இடது கை எதுன்னே தெரியலை" என்றாள். இரண்டு பேர் சொல்லையும் கேட்காமல் ஓட்டுவது எப்படி என்பதை ஆட்டோமேட்டிக் காரில் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கோவையில் செட்டிப்பாளையம் தடத்தை எட்டிப் பார்த்தோம். சின்னப் பையன்கள் கோ-கார்ட் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியவன் ஒருவனுக்கு மீசை அரும்பக்கூட இல்லை. இதற்கு வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்கலாம் போலிருந்தது. அவன் அப்பாவே ஸ்டாப் வாட்ச்சோடு நின்றிருந்தார்.

மலையேற இப்போது இ-பாஸ் வேண்டும். கூட்டத்தைக் கணக்கெடுக்க 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. என்ன நோக்கத்தில் பயணம் என்று செல்பேசி கேட்டது. மனைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு 'சுற்றுலா' என்று தட்டினாள். பொய் சொல்லக் கிடைத்த வாய்ப்பு கைநழுவிய வருத்தம் முகத்தில் தெரிந்தது. இதே விஷயத்தில் எங்கள் மருமகனைச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வரும்வரை அவர் தினம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே செல்பேசியில் கிரிக்கெட் டீம் கட்டிக்கொண்டிருந்தார். அதை அவர் யாரிடமும் மலர்க்காட்சி என்று சொன்னதில்லை.

ஊட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழைய வேலி ஓரமாக நின்றோம். மைதானம் தோட்டக்கலைத் துறை வசம், பூங்கா வரப்போகிறது. ஐம்பத்திரண்டு ஏக்கர் பூங்கா வந்துவிட்டால், மே மாதத்தில் ஊட்டிக்குப் போய் பூ பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் இனி ரேஸ் நடந்த இடத்திலேயே நின்று உண்மை பேசலாம். பக்கத்தில் குன்னூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "ரேஸ் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஊட்டியில் ஒருவர் எங்களிடம் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "இல்லீங்க, ஃப்ளவர் ஷோ" என்றேன், பழக்கதோஷத்தில்.

மலர்க்காட்சியைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் அதிகம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில், சவாரிக்குக் குதிரை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் வழிமறித்தான். "பாட்டி, ஒரு ரவுண்டு வாங்க. ரேஸ்ல ஓடின குதிரை பாட்டி இது. சும்மா பறக்கும்."

"எந்த ரேஸ்ல?"

"மெட்ராஸ்ல. கப்பே அடிச்சிருக்கு."

இவள் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். குதிரையைச் சுற்றி ஒரு தடவை மெதுவாக நடந்தாள். குனிந்து முன்கால் முட்டிக்குக் கீழே தடவிப் பார்த்தாள். பின்னால் போய் நின்று, இரண்டடி நடத்திக் காட்டச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே நடத்திக் காட்டினான். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது.

"வாயைத் திற, பல்லைப் பாக்கணும்."

"பாட்டி, கடிக்கும்..."

"உன்னை இல்லப்பா, குதிரையை."

பல்லைப் பார்த்தாள். "வயசு இருபதுக்குக் கிட்ட ஆகுது. ரேஸ்ல ஓடினது இதோட அம்மாவா இருக்கும். இடது முன்காலைத் தாங்கித் தாங்கி வைக்குது, லாடக்காரன்கிட்ட காட்டு. ரவுண்டு எவ்வளவு?"

"முன்னூறு பாட்டி."

"நொண்டற குதிரைக்கு முன்னூறா? அதோ மரத்தடியில நிக்குதே பழுப்பு, அது யாருது?"

"அதுவும் என்னுதுதான். ஆனா அது சின்னது, யாரும் ஏற மாட்டாங்க."

"காது பாத்தீங்களா அதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். பிறகு அவனிடம், "அதைக் கொண்டா, நூத்தம்பது தரேன். ரேஸ் கீஸ்னு ஓட்டாதே, நடத்திக் கூட்டிப் போனா போதும்" என்றாள்.

அவன் இருநூறில் நின்றான். இவள் நூற்றைம்பதிலேயே நின்றாள். நான் கைப்பையோடு நின்றேன். பின்னால் கார்க்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.